முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு

பத்து பெரண்டாம், ஆயர் குரோ, செங், அலோர் காஜா பக்கம் பெகோ. மலாக்காவின் இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ என்னைப் பார்த்தால் இப்போது அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, பேங்க்ல காசு வச்சிருந்தா விலைவாசி தின்னுடுதாம். கிரிப்டோவுல போட்டா தப்பிச்சிக்கலாம்னு கூட்டாளிங்க சொல்றாங்க. போடலாமா?"

தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வியின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு 'போடு', 'போடாதே' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் எண் போட்டு எழுதுகிறேன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கிரிப்டோவைப் பற்றி ஏழாவதில்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் உள்ளவற்றைச் செய்து முடிக்காதவர்களுக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

1. காசு தேய்வதை உங்கள் வீட்டுக் கணக்கிலேயே அளந்து பாருங்கள்.

நாட்டில் விலைவாசி 2022-இல் 3.3 விழுக்காடு ஏறியது, 2023-இல் 2.5, 2024-இல் 1.8. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வங்கி தரும் வட்டியோ பெரும்பாலும் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. பார்வைக்கு எல்லாமே சின்ன எண்கள்தான். ஆனால் 10,000 வெள்ளியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். விலை ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு ஏறினால், 20 ஆண்டு கழித்து அந்தக் காசுக்கு இன்றைய 6,100 வெள்ளிச் சாமான்தான் கிடைக்கும். ஒரு காசு நாணயம் நினைவிருக்கிறதா? 2008 ஏப்ரல் 1 முதல் கடையில் கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்கிவிடுகிறார்கள். ஒரு காசுக்கு வாங்க எதுவும் மிஞ்சவில்லை.

அரசு சொல்லும் எண் நாடு முழுவதற்குமான சராசரி. மானிய விலை ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 வெள்ளி 50 காசிலேயே நிற்கிறது. உங்கள் அறை வாடகையும் கோழி விலையும் அப்படி நிற்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நீங்கள் மாதந்தோறும் வாங்கும் பத்துப் பொருள்களின் விலையை ஒவ்வோர் ஆண்டும் சனவரியில், அதே கடையில் பார்த்து எழுதுங்கள். அரிசி, வெங்காயம், பால்மாவு, மோட்டார் சைக்கிள் டயர், ரொட்டி சானாய் என்று உங்கள் வாழ்க்கைக்கு எது பொருந்துமோ அது. மூன்று ஆண்டு எழுதினால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் என்னவென்று யாரையும் கேட்காமல் தெரிந்துவிடும். பயமுறுத்தி விற்க வருகிறவனிடம் பேசுவதற்கு அந்த நோட்டுப் புத்தகம் உதவும்.

2. இந்த மண்ணில் காசு செத்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜோங்கர் தெருப் பழம்பொருள் கடைகளில் ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு கிடைத்தால் கையில் வாங்கிப் பாருங்கள். குலை தள்ளிய வாழைமரம் அச்சாகியிருக்கும். கேட்டால் பத்து வெள்ளி தருவதாக ஜப்பானிய அரசாங்கம் கொடுத்த உறுதிமொழியும் அதிலேயே இருக்கும். முதலில் அடித்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. போகப்போக எண் போடுவதையே விட்டுவிட்டார்கள். வெறும் எழுத்து மட்டும். எத்தனை நோட்டு அடித்தோம் என்ற கணக்கே வேண்டாமென்று ஓர் அரசாங்கம் முடிவுசெய்ததை அந்தத் தாளில் கண்ணால் பார்க்கலாம். கடைசியில் ஆயிரம் வெள்ளி நோட்டுவரை வந்தது. 1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அவ்வளவும் செல்லாது என்று அறிவித்தார்கள். மூன்றரை ஆண்டு தோட்டத்திலும் கட்டாய வேலையிலும் பட்ட பாட்டுக்குக் கூலியாகக் கிடைத்த தாளை வைத்துக்கொண்டு நம் சனம் ஒரு சுண்டு அரிசிகூட வாங்க முடியவில்லை.

இரண்டாவது கதையை இன்றைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1967 ஜூன் 12 முதல் பேங்க் நெகாரா புதிய நோட்டுகளை வெளியிட்டது. பழைய மலாயா நோட்டும் கூடவே புழங்கலாம், மதிப்பு ஒன்றுதான் என்றார்கள். அந்த நவம்பரில் இங்கிலாந்து தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புதிய நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டிருந்ததால் அதன் ஒரு வெள்ளி, ஒரே நாளில் 85 காசு ஆனது. பினாங்கில் கடையடைப்பு நடந்து கலவரமாக முடிந்தது. நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுவன். எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்காரர் மேசையில் பழைய நோட்டை ஒரு பக்கம், புதிய நோட்டை ஒரு பக்கம் பிரித்து வைத்து எண்ணினார். அம்மா மில்க் டின்னில் சேர்த்து வைத்திருந்த இருபது வெள்ளி பழைய நோட்டு, அவர் கணக்கில் பதினேழு வெள்ளி. வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் விவரம் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். லயத்து டின்னில் வைத்திருந்தவர்களுக்கு அந்த விவரம் வந்துசேரவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'அரசாங்கம் அடிக்கும் காசை மட்டும் நம்பாதே' என்று கிரிப்டோக்காரர்கள் சொல்லும்போது அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் முன்னோர் அதை உடம்பில் பட்டு அறிந்தவர்கள். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் நம் கையில் எதை விற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

3. முதலில் கடனை அடையுங்கள்.

அடகுக்கடையில் சட்டப்படி வாங்கக்கூடிய வட்டி மாதம் 2 விழுக்காடு. ஆண்டுக்கு 24. கிரெடிட் கார்டில் 18 வரை போகும். உரிமம் இல்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் வாங்கினால் அதற்குக் கணக்கே கிடையாது. அம்மாவின் சங்கிலி அடகுக்கடையில் இருக்கும்போது, விலைவாசிக்குத் தப்ப எங்கே முதலீடு செய்யலாம் என்று தேட வேண்டியதில்லை. சங்கிலியை மீட்டால் ஆண்டுக்கு 24 விழுக்காடு மிச்சம். இதற்கு ஈடான உறுதியான லாபத்தை இந்த நாட்டில் யாரும் நேர்மையாகத் தர முடியாது.

4. மூன்று மாதச் செலவுக்கான காசு வங்கியில் இருக்கட்டும். அது கொஞ்சம் தேயும், தேயட்டும். வேலை போனால், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தால், அன்றைக்கே எடுக்க முடிகிற காசு அது ஒன்றுதான். உரிமம் பெற்ற வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளிவரை மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம். திருப்பித் தரும்.

5. ஊழியர் சேமநிதியில் கை வைக்காதீர்கள். முடிந்தால் இன்னும் போடுங்கள்.

1,700 வெள்ளி சம்பளத்தில் உங்கள் பங்கு 187 வெள்ளி, முதலாளி போடுவது 221. சம்பளச் சீட்டில் அந்த 187-ஐப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். 221 கண்ணில் படுவதில்லை. சேமநிதி வாரியம் 2022-இல் 5.35 விழுக்காடு ஈவு தந்தது, 2023-இல் 5.50, 2024-இல் 6.30. மேலே எழுதிய விலைவாசி எண்களோடு ஆண்டுக்கு ஆண்டு வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டும் ஈவுதான் முந்தியது. விலைவாசியைவிட இரண்டு விழுக்காடாவது கூடுதலாகத் தர வேண்டும் என்பதை வாரியம் தன் இலக்காகவே வைத்திருக்கிறது. 'பணவீக்கத்துக்கு மருந்து என்ன?' என்று கேட்கிற பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். கவர்ச்சி இல்லாத பதில் என்று தெரியும்.

கோவிட் காலத்தில் நான்கு திட்டங்களின் வழியாக மக்கள் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. அடுப்பு எரிய எடுத்தவர்களை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் 2022-இல் 10,000 எடுத்துக் கைப்பேசிக்கும் வண்டி ரிம்முக்கும் செலவழித்தவர்கள், 2023, 2024 இரண்டு ஆண்டுகளில் மட்டும் 1,200 வெள்ளிக்கு மேல் ஈவை இழந்திருக்கிறார்கள். பால்மரத்தில் பட்டையைத் தாண்டிக் கட்டையில் கத்தி பட்டால் அந்த இடத்தில் மறுபட்டை சரியாக வளராது; மரம் வெட்டிய உங்கள் பாட்டியைக் கேளுங்கள். சேமநிதியும் அப்படித்தான். 2024 மே முதல் சேமநிதியில் வந்திருக்கும் அக்காவுன் ஃபிலெக்சிபல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது. எடுக்க முடியும் என்பதற்காக எடுக்காதீர்கள்.

கிராப் ஓட்டுகிறவர்கள், பசார் மாலாமில் கடை போடுகிறவர்கள், வீட்டில் தையல் வேலை செய்யும் பெண்கள், உங்களுக்கு முதலாளி பங்கு இல்லை. சேமநிதியின் 'ஐ-சாரான்' திட்டத்தில் நீங்களே போட்டால் 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளிவரை சேர்த்துப் போடுகிறது. 2,500 போட்டால் 500. இதை விட்டுவிட்டுக் கைப்பேசியில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அமானா சஹாம் மலேசியாவையும் விசாரியுங்கள். எல்லா இனத்தாரும் வாங்கலாம்; ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளி. நமக்கு இடம் கிடைப்பது அரிதுதான். அவ்வப்போது முயன்றுகொண்டே இருங்கள்.

6. நம் சனம் கூட்டாகச் செய்த இரண்டு முயற்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தக் காசில் சங்கம் நிலமாகவே வாங்கியது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வந்தது. நாணயத்தின் மதிப்பு குறைந்தாலும் மண் மண்ணாகவே இருந்தது. அது வாழ்வதற்கும் விளைவதற்கும் உரிய சொத்து. அன்றைக்குப் பணவீக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பணவீக்கத்துக்கு எதிராகத் தோட்டத் தமிழர் செய்த மிகச் சரியான செயல் அதுதான் என்பது என் கருத்து.

1980-களில் நம் சனத்தின் கூட்டு முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. ஏறக்குறைய 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள். 2010-இல் பங்கை மீட்க வந்த விலை ஒரு வெள்ளிக்கு 80 காசு. 'இருபது காசுதானே போச்சு' என்று சொல்பவர்கள் உண்டு. 1984-இல் போட்டதாகவும் விலை ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு ஏறியதாகவும் வைத்துக்கொண்டால், 2010-இன் 80 காசு 1984-இன் 42 காசுக்குச் சமம். பாதிக்கு மேல் போய்விட்டது. போட்ட காசு தேய்கிறதா என்று கேட்பவர்கள், காசு போட்ட இடம் தேய்கிறதா என்றும் கேட்க வேண்டும். கணக்கை யார் பார்க்கிறார்கள், ஆண்டறிக்கை வருகிறதா, வேண்டும்போது வெளியே வர முடியுமா. தங்கமோ நிலமோ கிரிப்டோவோ, இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தங்கம் வாங்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் ஜாலான் பெண்டாஹாராவில் நகையாக வாங்கும்போது செய்கூலி கொடுக்கிறீர்கள். விற்கும்போது அது திரும்பி வராது. சேமிப்புக்கென்றால் வேலைப்பாடு குறைந்ததாக வாங்குங்கள்.

7. இனி கிரிப்டோ.

பிட்காயின் 2009 சனவரியில் தொடங்கியது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயின்தான், அதற்கு மேல் உருவாகாது என்று அதன் விதியிலேயே எழுதியிருக்கிறது. வாழைமர நோட்டுக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. இதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த அரசாங்கமும் நினைத்தபடி அடித்துத் தள்ள முடியாத ஒன்றை மனிதர்கள் தேடுவது இயல்பு. துருக்கியிலும் அர்ஜெண்டினாவிலும் நாணயம் நொறுங்கியபோது சாதாரண மக்கள் டாலரையும் கிரிப்டோவையும் நாடினார்கள்.

ஆனால் எண்ணிக்கை அளவானது என்றால் விலையும் நிலையானது என்று பொருள் இல்லை. அதற்கு 2022-தான் சோதனை. உலகம் முழுக்க விலைவாசி ஏறியது. பணவீக்கத்துக்குக் கேடயம் என்றால் அந்த ஆண்டுதான் அது காத்திருக்க வேண்டும். ஆண்டு தொடங்கும்போது 46,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்த பிட்காயின், முடியும்போது 17,000-க்கும் கீழே. மே மாதம் டெர்ரா என்னும் நாணயம் சரிந்தது. டாலருக்குச் சமமாகவே நிற்கும், ஆண்டுக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு வட்டியும் கிடைக்கும் என்று நம்பிப் பணம் போட்டவர்கள் சில நாளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்தார்கள். நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். சந்தை திவாலானது. அதே 2022-இல் நம் சேமநிதி 5.35 விழுக்காடு தந்தது என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு பிட்காயின் எழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 120,000-க்கும் மேல் போய், அடுத்த மாதமே 90,000-க்குக் கீழ் இறங்கியது. நீண்ட நாள் பிடித்து வைத்திருந்தவர்கள் சம்பாதித்திருக்கிறார்கள், இது உண்மை. ஆனால் 2022 தொடக்கத்தில் வாங்கி, அந்த டிசம்பரில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் காசு தேவைப்பட்டவர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்துதான் விற்றிருப்பார். விலைவாசி ஆண்டுக்கு மூன்று விழுக்காடு தின்கிறது என்று பயந்து, ஓராண்டில் அறுபது விழுக்காடு போகக்கூடிய இடத்தில் சோற்றுக் காசை வைப்பது கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை இல்லை. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் ஒரு வெள்ளியும் அங்கே போகக் கூடாது.

8. அப்படியும் வாங்குவதென்றால் இப்படி வாங்குங்கள்.

மூன்று, நான்கு, ஐந்து ஆகியவற்றை முடித்தவர்கள் மாதம் ஐம்பதோ நூறோ, முழுதும் போனாலும் வீடு ஆடாத தொகையைப் போடலாம். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். கடன் வாங்கிப் போடாதீர்கள். சேமநிதியை எடுத்துப் போடாதீர்கள். நூறு வெள்ளியை வைத்து ஆயிரம் வெள்ளிக்கு வாங்கலாம் என்று கைப்பேசி காட்டும் வழிப் பக்கமே போகாதீர்கள்.

மலேசியாவில் கிரிப்டோ சட்டப்படி செல்லும் பணம் இல்லை. ஆனால் 2019 சனவரி 15 முதல் செக்குரிட்டிஸ் கமிஷன் என்னும் பங்குப் பத்திர ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வந்திருக்கிறது. பதிவு பெற்ற சந்தைகளின் பட்டியல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. லூனோ அதில் ஒன்று. எச்சரிக்கைப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. பெரிய பெயர் என்பதால் நம்ப வேண்டாம்: உலகத்திலேயே பெரிய சந்தையான பைனான்ஸ் பதிவில்லாமல் இயங்கியதற்காக 2021 ஜூலையில் ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. பணத்தை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து சந்தைக்கு நேராக அனுப்புங்கள். 'என் அக்காவுன்டுக்குப் போடு, நான் வாங்கித் தரேன்' என்கிறவர் உறவினரே ஆனாலும் வேண்டாம்.

வாடகைக் கடைவீட்டில் இயந்திரம் வைத்து 'மைனிங்' செய்ய ஆள் தேடுகிறவர்கள் வந்தால் விலகிக்கொள்ளுங்கள். மின்சாரத் திருட்டில்தான் அவற்றில் பல முடிகின்றன. 2021-இல் மீரியில் போலீஸ் 1,069 இயந்திரங்களை ரோட் ரோலர் ஏற்றி நொறுக்கியது.

9. 'மாதாமாதம் இவ்வளவு கட்டாயம் கிடைக்கும்' என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கம் வாங்கினால் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன ஜெனிவா மலேசியாவில் 2012 அக்டோபரில் பேங்க் நெகாரா சோதனை நடத்தியது. மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்ன ஜே.ஜே.பி.டி.ஆர். 2017-இல் நொறுங்கியது. தங்கம் போய் அந்நியச் செலாவணி வந்தது, அது போய் கிரிப்டோ வந்திருக்கிறது. பேச்சு மட்டும் மாறவில்லை. இப்போது புலனம், டெலிகிராம் குழுக்களில் நம் மொழியிலேயே, நம் சாமி படத்தைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். முதலில் 300 போட்டால் 350 திரும்பி வரும். அது உங்களை 30,000 போட வைப்பதற்குத்தான்.

கூட்டு (சீட்டு) பிடிப்பது நம்மிடையே பழைய வழக்கம். ஆனால் அதைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டப்படி குற்றம். முகம் தெரியாதவர் 'கிரிப்டோ கூட்டு' என்று ஆரம்பித்தால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. உங்கள் வங்கி அட்டையை 'கொஞ்ச நாளைக்கு வாடகைக்குக் கொடு' என்று கேட்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர் காசு உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மூன்று நாள் மறைத்து வைக்காதீர்கள். அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் உண்டு.

10. உங்கள் சம்பளத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2022 மே மாதம் 1,500; 2025 பிப்ரவரியில் 1,700. அடிமட்டம் விலைவாசியைவிட வேகமாகவே ஏறியிருக்கிறது. ஆனால் அதற்குச் சற்று மேலே, 1,900-த்திலும் 2,000-த்திலும் நிற்பவர்களை யாரும் தூக்கிவிடுவதில்லை. நம் பிள்ளைகள் பெரும்பாலோர் அங்கேதான் நிற்கிறார்கள். வெல்டிங், குளிர்சாதனம், மின்கம்பி வேலை எதிலாவது மலேசியத் திறன் சான்றிதழில் அடுத்த நிலை எழுதுங்கள். சான்றிதழால் மாதம் 300 வெள்ளி கூடினால் ஆண்டுக்கு 3,600. இந்த வயதில் உங்கள் கையில் உள்ள சேமிப்புக்கு எந்தச் சந்தையும் அவ்வளவு தரப்போவதில்லை. அந்த 300-க்கும் முதலாளி சேமநிதி போடுவார்.

11. பெயர் எழுதி வையுங்கள்.

சேமநிதியில் யாரை நியமித்திருக்கிறீர்கள் என்று இந்த மாதமே பாருங்கள். நியமனம் இல்லாமல் போனவர்களின் குடும்பம் பத்திரத்துக்கும் சான்றுக்கும் அலைவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரைக் கொடுத்திருப்பீர்கள். கல்யாணமானபின் மனைவிக்கும் பங்கு வேண்டுமென்றால் நீங்கள்தான் மாற்ற வேண்டும். கிரிப்டோவைச் சந்தையில் விடாமல் சொந்தப் பணப்பையில் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தப் பணப்பையைத் திறக்கும் 12 அல்லது 24 சொற்கள் தொலைந்தால் அதை மீட்டுத் தர எந்த அலுவலகமும் இல்லை. கைப்பேசியில் படம் பிடித்து வைக்காதீர்கள். தாளில் எழுதி உறையில் ஒட்டி, பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்து, அந்த உறை எங்கே இருக்கிறது, எதற்கு என்று வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லிவையுங்கள்.